மூன்று அடைப்பும் ஒரு பந்தியும்

ஈத்தாமொழிப் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமானால் முதலில் மண்டபத்துக்குச் சொல்வார்கள், அடுத்து சமையல்காரருக்கு, அதற்கடுத்து சுயம்புவுக்கு. சில வீடுகளில் மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குச் சொல்ல வேண்டும் என்ற நினைவே அதற்குப் பிறகுதான் வரும்.

சுயம்புவின் தொழில் தேங்காய் வியாபாரம். தோப்புத் தோப்பாகப் போய்க் காய் பார்த்து வாங்கி, லாரி ஏற்றி வெளியூருக்கு அனுப்புவார். ஆனால் ஊரில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது தேங்காய் அல்ல, கல்யாணப் பந்தி. கூப்பிட்டால் சந்தோஷமாகப் போய்ப் பந்தி நடத்துவார். கூப்பிடாவிட்டால் கோபமாகப் போய் நடத்துவார்.

பந்தி நடத்துவது என்ன பெரிய வேலை என்று நினைப்பவர்கள் இந்த மாவட்டத்துக் கல்யாணம் ஒன்றுக்கு வந்து பார்க்க வேண்டும். தாலி கட்டியதும் மண்டபம் மொத்தமும் மணமக்களுக்கு முதுகைக் காட்டிச் சாப்பாட்டுக் கூடத்தின் கதவைப் பார்க்கத் தொடங்கும். கதவு திறந்தவுடன் இடம் கிடைத்தவர்கள் உட்காருவார்கள். கிடைக்காதவர்கள் போய்விட மாட்டார்கள். உட்கார்ந்திருப்பவரின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்று, அவர் பாயசத்துக்கு வந்துவிட்டாரா, மோருக்கு வந்துவிட்டாரா என்று அவர் இலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பரிமாறுவதை இங்கே விளம்புவது என்பார்கள். விளம்புகிறவர்கள் பெரும்பாலும் சொந்தக்கார இளைஞர்கள். ஒருவன் பருப்போடு ஒரு வரிசையில் போனால் இன்னொருவன் ரசத்தோடு எதிரே வருவான். இதையெல்லாம் ஒரு ஒழுங்கில் ஓட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் எல்லோரிடமும் திட்டு வாங்க வேண்டும், எல்லோரையும் திட்டவும் வேண்டும். ஒரு பந்தியில் யாரும் தன்னைத் திட்டவில்லை என்றால், கல்யாணத்துக்குக் கூட்டம் வரவில்லை என்று சுயம்பு வருத்தப்படுவார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் நெஞ்சு வலி வந்தது.

வந்த அன்று ஒரு தோப்பில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நெஞ்சின் மேல் யாரோ ஒரு முற்றிய தேங்காயை வைத்து அழுத்துவது போலிருந்தது. வாயுவாக இருக்கும் என்று ஒரு சோடா குடித்தார். சோடா கேட்கவில்லை. சோடா சரியில்லை என்று கடையை மாற்றி இன்னொரு சோடா குடித்தார். அதன் பிறகு நாகர்கோவில், ஈசிஜி, ஆம்புலன்ஸ், திருவனந்தபுரம். நெஞ்செலும்பைப் பிளந்து, காலிலிருந்து நரம்பு எடுத்து, மூன்று அடைப்புகளுக்கு மாற்றுவழி போட்டு, எலும்பைக் கம்பியால் கட்டி அனுப்பினார்கள். வீட்டுக்குக் காரில் வரும்போது ஒவ்வொரு வேகத்தடையையும் சுயம்பு தனித்தனியாகச் சபித்தார். அது நல்ல அறிகுறி என்று மனைவி முத்துக்கனி நினைத்தாள்.

எலும்பு கூடும்வரை இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு இரும வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இருமல் எப்போது வருமென்று யாருக்குத் தெரியும்? அதனால் சுயம்பு தலையணையோடேயே நடந்தார். தென்னைகளுக்கு நடுவே அவர் தலையணையும் கையுமாக நடைபயிற்சி செய்வதைப் பார்த்த பக்கத்து வீட்டுக் குழந்தை, "தாத்தா உறங்க எடம் தேடுதாரு" என்று தன் அம்மாவிடம் போய்ச் சொன்னது.

மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்திருந்தார்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் உள்ளே மூன்று பந்துகள் மேலே ஏற வேண்டும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவை அதை முயற்சி செய்துவிட்டுத்தான் போனார்கள். முத்துக்கனி ஒவ்வொரு தடவையும் குழாயை வெந்நீரில் கழுவி அலுத்துப்போய், கடைசியில் அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். அதற்கு முன்பே சுயம்புவின் அண்ணன் செல்வன் உறிஞ்சிப் பார்த்துவிட்டார். அவருக்கு இரண்டாவது பந்துகூட அசையவில்லை. அன்றே நாகர்கோவிலுக்குப் போய்த் தன் நெஞ்சைப் பரிசோதித்துக்கொண்டார்.

வந்தவர்களின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"எத்தன அடைப்பு?"

"மூணு."

"மூணுதானா? எங்க கொழுந்தனுக்கு நாலு" என்பார்கள், அந்த நாலையும் கொழுந்தன் கஷ்டப்பட்டுச் சம்பாதித்தது போல. பிறகு கொழுந்தனின் கதை வரும். அவர் எந்த ஆஸ்பத்திரி, எப்படித் தேறினார், எப்படி நன்றாக நடந்தார் என்றெல்லாம் விரிவாகப் போய்க் கடைசியில், "நல்லாத்தான் இருந்தாரு, போன மாசம் திடீர்னு..." என்று முடியும். முடித்துவிட்டு, "நீரு ஒண்ணும் பயப்படாதியும்" என்று சொல்லிச் சாத்துக்குடியை மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்கள்.

இதையெல்லாம் சுயம்பு பொறுத்துக்கொண்டார். அவரால் பொறுக்க முடியாதது வேறொன்று. ஊரே அவரிடம் மெதுவாகப் பேசத் தொடங்கிவிட்டது.

குமரி மாவட்டத்தில் சவம் என்ற சொல் இல்லாமல் ஒரு மனிதன் காலை முதல் மதியம்வரை பேசுவது கடினம். சாவி தொலைந்தால் சவம், பஸ் தாமதமானால் சவம், கறியில் உப்பு கூடினால் சவம். சுயம்புவின் முன்னால் மட்டும் அந்தச் சொல்லை உதடுவரை கொண்டுவந்து விழுங்கினார்கள். தேங்காய் வாங்கும் வியாபாரி ஒருவர், பல வருஷமாக ஒரு காயைக்கூடச் சண்டை போடாமல் எடுத்தவர் அல்ல, இப்போது ஃபோனில் "நீங்க சொல்லுத தரம்தான் அண்ணே சரி" என்றார். சுயம்பு வேண்டுமென்றே இளசுக் காயை முற்றல் என்று சொல்லிப் பார்த்தார். அதற்கும் சரி என்றார். சுயம்பு ஃபோனை வைத்தார். தன் உடம்பு அவ்வளவு மோசமாகவா இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்குப் பயம் வந்தது.

இந்த நேரத்தில் செல்வனின் மகள் அஞ்சலிக்குக் கல்யாணம் வந்தது. செல்வன் வந்து உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசினார்.

"பந்திக்கு ஆளு வச்சாச்சு டே. நீ மேடைக்கு மின்ன மொத வரிசையில சோபால இரி. ஒனக்குன்னு ஒரு ஃபேனு போடச் சொல்லியிருக்கேன்."

"நான் என்ன, மாலை போட்டு வச்ச ஃபோட்டோவா?" என்றார் சுயம்பு. "எவன் வச்ச ஆளு? அவனுக்குப் பருப்புக்குப் பொறவு நெய்யா, நெய்க்குப் பொறவு பருப்பான்னு தெரியுமா?"

"டாக்டரு..."

"டாக்டரு பந்தியப் பத்தி ஒண்ணும் சொல்லல."

உண்மைதான், சொல்லவில்லை. அடுத்த பரிசோதனைக்குப் போனபோது முத்துக்கனி அதை நேரடியாகவே கேட்டுவிட்டாள். டாக்டர் மலையாளி, பந்தி நடத்துவது என்றால் என்னவென்று அவருக்கு விளக்கவே கொஞ்சம் நேரமானது. ஓடக்கூடாது, எடை தூக்கக்கூடாது, உட்கார்ந்துகொண்டு ஆட்களுக்கு வேலை சொல்லலாம் என்றார். பிறகு சந்தேகத்தோடு, அந்த வேலையில் டென்ஷன் உண்டா என்று கேட்டார்.

"டென்ஷன் உண்டு டாக்டர்," என்றார் சுயம்பு. "அது சாப்பிட வாறவங்களுக்கு."

திரும்பி வரும்போது களியக்காவிளை தாண்டியதும் முத்துக்கனி நிபந்தனையைச் சொன்னாள்.

"நாற்காலிய விட்டு எழும்பப்பிடாது. சத்தம் போடப்பிடாது. மண்டபத்துக்குப் பொறத்த ஆட்டோ ஒண்ணு நிக்கும். எழும்புனீங்கன்னா கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருவேன், பந்தி பாதியில நின்னாலும் சரி. அதோட முடிஞ்சு. இனி எந்தக் கல்யாணத்துலயும் பந்திப் பக்கம் போவப்பிடாது. கேட்டியளா?"

"கேட்டேன்."

"கேட்டேன்னா சம்மதமா?"

"ஒன்னாண சம்மதம்."

கல்யாண நாள் காலையில் சுயம்பு சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார், தையல் தெரியாமல் இருக்க. நெற்றியில் நாமம் இட்டு, துண்டைத் தோளில் போட்டு, மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போய் நாற்காலி போடும் இடத்தை அவரே தேர்ந்தெடுத்தார். சமையலறைக் கதவும் சாப்பாட்டுக் கூடமும் சேரும் இடம். அங்கே உட்கார்ந்தால் எல்லா வரிசையும் தெரியும், எல்லா வாளியும் கண்ணில் படும். பந்தி அனுபவம் இத்தனை உள்ள மனிதர் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. எல்லா வாளியும் அவர் கண்ணில் படும் என்றால், வாளி தூக்குகிற எல்லோர் கண்ணிலும் அவரும் படுவார்.

தாலி கட்டியாயிற்று. கதவு திறந்தது. கூட்டம் உள்ளே பாய்ந்தது. செல்வனின் மகன் மகேஷ்குமார்தான் சுயம்புவின் கை, கால், குரல் எல்லாம். அவர் விரல் காட்டிய இடத்துக்கு அவன் ஓடினான். இலையில் உப்பு, ஊறுகாய், பச்சடி, துவரன், அவியல், எரிசேரி, உப்பேரி, பழம், பப்படம் எல்லாம் ஒழுங்காக வந்தன. சோறு வந்தது, பருப்பு வந்தது, நெய் வந்தது. அதோடு நின்றது.

சாம்பார் வரவில்லை.

முதல் சாம்பார் வாளியைத் தூக்கி வந்தவர் மத்தியாஸ். மணவாளக்குறிச்சிக்காரர். சுயம்புவின் லாரிக்குக் காய் ஏற்றுகிறவர். ஆப்பரேஷனுக்குப் பிறகு சுயம்புவைப் பார்ப்பது இதுவே முதல் தடவை. ஊர் வழக்கப்படி, நோயில் கிடந்து எழுந்த ஒருவரைப் பார்த்தும் நலம் கேட்காமல் போவது பெரிய குற்றம். பத்து வருஷம் கழித்தும், "அன்னைக்குப் பாத்தும் பாக்காம போனான்" என்று சொல்லிக் காட்டுவார்கள். மத்தியாஸ் வாளியைத் தரையில் வைத்தார்.

"அண்ணே, எப்பிடி இருக்கு? நான் ஆஸ்பத்திரிக்கு வரணும்னு நெனச்சேன். எத்தன அடைப்பு?"

"மூணு. சாம்பாரக் கொண்டு போ மக்கா."

"மூணா! நரம்பு எந்தக் காலுல எடுத்தாவ?"

"இடதுகாலு. சாம்பாரு ஆறிப்போவுது, போ."

மத்தியாஸ் காலைக் குனிந்து பார்த்தார். அதற்குள் இரண்டாவது சாம்பார் வாளி வந்து அவருக்குப் பின்னால் நின்றது. அது கடந்து போயிருக்கலாம். ஆனால் அந்த வாளியைத் தூக்கியவனும் நலம் கேட்க வேண்டும், மத்தியாஸ் முடிப்பதற்காக மரியாதையாகக் காத்திருந்தான். மூன்றாவதாக ரசம். நான்காவதாகப் புளிசேரி. சமையலறைக் கதவில் ஒரு வரிசை உருவாகிவிட்டது, கையில் வாளிகளோடு.

"நீ எதுக்குடே நிக்க?" என்றார் சுயம்பு, புளிசேரிக்காரனைப் பார்த்து.

"சொவம் கேக்கணும்லா மாமா. அம்மா பாத்துக்கிட்டிருக்கா."

அவன் அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் நலம் கேட்கிறானா என்றும் பார்த்தாள், சாம்பார் எங்கே என்றும் பார்த்தாள்.

கூடத்தில் முணுமுணுப்பு தொடங்கியது. பருப்புச் சோறு தீர்ந்துவிட்டது. சிலர் அவியலைத் தொட்டுக்கொண்டு வெறும் சோற்றைத் தின்றார்கள். நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்கள் கால் மாற்றிக் கால் நின்றார்கள். இவ்வளவும் நடந்தும் ஒருவர்கூடச் சுயம்புவைப் பார்த்துச் சத்தம் போடவில்லை. வழக்கமாக இந்நேரம் நாலு பேர் எழுந்திருப்பார்கள். இப்போது அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு இலையைப் பார்த்தார்கள். "பாவம், ஒடம்பு முடியாத ஆள ஏன் இதுல கொண்டு இருத்தினாவ?" என்று ஒரு பெண் சொல்வது அவர் காதிலேயே விழுந்தது.

சுயம்புவின் இரண்டு கைகளும் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றின. எழுந்து ஒரு அதட்டல் போட்டால் தீர்ந்தது. எதிரே பெண்கள் வரிசையின் ஓரத்தில் முத்துக்கனி நின்றாள். அவள் சாம்பாரைப் பார்க்கவில்லை. அவருடைய முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கையை எடுத்தார்.

"மகேஷு, அந்த மைக்க எடுத்துட்டு வா."

"எந்த மைக்கு சித்தப்பா?"

"பாட்டுக்காரங்க மேடையில இருக்குல்லா, கம்பி இல்லாதது. ஓடு."

மகேஷ்குமார் மெல்லிசைக் குழுவின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கிவந்தான். சுயம்பு அதைத் தட்டிப் பார்த்தார். கூடம் திரும்பியது. ஒலிபெருக்கி வெளியேயும் இருந்ததால் மேடையில் ஃபோட்டோவுக்கு நின்றிருந்த மாப்பிள்ளையும் அஞ்சலியும்கூடத் திரும்பினார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் சுயம்பு பேசுதேன். எல்லாருக்குமா சேத்து ஒரே தடவ சொல்லிருதேன், நல்லா கேட்டுக்கிடுங்க. அடைப்பு மூணு. நாலு இல்ல. ஆப்பரேஷன் திருவனந்தபுரத்துல வச்சு. நரம்பு இடதுகாலுல எடுத்தது. எடுத்த காலு நடக்கும். நெஞ்செலும்பக் கம்பி போட்டுக் கெட்டியிருக்கு, கம்பி துருப்பிடிக்காது, நான் கேட்டாச்சு. தையல் காட்ட மாட்டேன்."

யாரோ ஒருவர் சிரித்தார். சிரித்தவரைப் பக்கத்தில் இருந்தவர் கண்டித்தார். சுயம்பு விடவில்லை.

"உறக்கம் உண்டு. பசி உண்டு. காலையில வயிறு ஒழுங்காப் போவுது. உப்பும் எண்ணெயும் கொறவு, அது எம் பொஞ்சாதி பாத்துக்கிடுவா, நீங்க யாரும் பாக்க வேண்டாம். இதே ஆப்பரேஷன் செய்து நல்லா இருந்து திடீர்னு போனவங்க கதையெல்லாம் நான் கேட்டாச்சு. விட்டுப்போன ஆளு யாராவது உண்டும்னா மகேஷ்குமார்ட்ட சொல்லுங்க, நான் பொறவு கேட்டுக்கிடுதேன். விஷயம் இவ்வளவுதான். இனி எங்கிட்ட ஒருத்தனும் சொவம் கேக்கப்பிடாது. கேக்காம போனவன நான் தப்பா நெனைக்க மாட்டேன், அவன் அம்மயும் நெனைக்கப்பிடாது. மத்தியாஸ், வாளிய எடு. சாம்பார் மொதல்ல, மூணாவது வரிசையில இருந்து. ரசம் அங்கயே நிக்கட்டும். புளிசேரி உள்ள போ. போ!"

கூடம் வெடித்துச் சிரித்தது. மூன்றாவது வரிசைத் தாய் தன் மகனைப் பார்த்துத் தலையாட்டி அனுமதி கொடுத்தாள். வாளிகள் கிளம்பின. மேடையில் அஞ்சலி சிரிப்பை அடக்க முடியாமல் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்போடுதான் ஆல்பத்தில் நல்ல படம் விழுந்திருக்கிறது என்று ஃபோட்டோக்காரர் பின்னால் சொன்னார்.

அதற்குப் பிறகு பந்தி ஓடியது. சுயம்பு மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மெல்லிசைக் குழுவினர் மீதியிருந்த ஒரே மைக்கை வைத்து ஒருவர் மட்டும் பாடும் பாட்டுகளாகப் பார்த்துப் பாடினார்கள். இரண்டாவது பந்தி முதலாவதைவிட வேகமாக முடிந்தது. நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்களில் யார் முன்னால் வந்தவர், யார் நடுவில் புகுந்தவர் என்று சுயம்பு மைக்கிலேயே சொன்னதால் அதில் ஒரு தகராறும் வரவில்லை; வெட்கம் மட்டும் நிறைய வந்தது.

மூன்றாவது பந்தியில் அவருக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குள் கம்பி கட்டிய இடம் இழுத்தது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. மைக்கை மடியில் வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்து, விரலால் மட்டும் சைகை காட்டினார். முத்துக்கனி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பக்கத்திலேயே நின்றாள்.

அப்போதுதான் தாணுமாலயன் வந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன். கன்னியாகுமரியில் லாட்ஜ் வைத்திருக்கிறார். சீசன் நேரம், லாட்ஜை விட்டு வர முடியாமல் தாலி கட்டி வெகுநேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார். வந்தவருக்கு இடம் கிடைத்தது, சோறு கிடைத்தது, எல்லாம் கிடைத்தது. இலையில் பாயசம் விட்டார்கள். பாயசத்தோடு பிசைந்து சாப்பிடப் பூந்தி வரவில்லை. இந்தப் பக்கத்தில் தாய்மாமனுக்குப் பூந்தி வராததைவிடச் சின்ன விஷயங்களுக்குச் சம்பந்திகள் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

தாணுமாலயன் பாதி இலையில் எழுந்து, எச்சில் கையோடு சுயம்புவின் முன்னால் வந்து நின்றார்.

"நீருதான் பந்திக்காரரா ஓய்? கொட்டாரம் ஊருல இருந்து வந்தவனுக்கு ஒரு குத்துப் பூந்தி போட்டாச்சு, மாப்பிளைக்கத் தாய்மாமன் எனக்குப் பூந்தி கெடையாதா? மைக்க மடியில வச்சுக்கிட்டு என்னத்த நடத்துதீரு? மடியில கெடக்கது மைக்கா, முருங்கக்காயா?"

மகேஷ்குமார் வாளியோடு நின்றுவிட்டான். முத்துக்கனி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அண்ணே, அவரு ஆப்பரேஷன்..."

சுயம்பு கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். அவர் முகம் சிவந்திருந்தது. ஆனால் அந்தச் சிவப்பை முத்துக்கனிக்குத் தெரியும். அது நோயின் சிவப்பு அல்ல. தோப்பில், லாரிக்குப் பக்கத்தில், ஊர்க் கூட்டங்களில் எத்தனையோ தடவை பார்த்தது.

அதற்குள் பக்கத்து இலைக்காரர் எழுந்து வந்து தாணுமாலயனின் முழங்கையை இழுத்துக் காதில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். தாணுமாலயனின் குரல் சட்டென்று இறங்கியது.

"ஐயோ. நான் அறியல்லியே. மன்னிக்கணும். பைப்பாஸா? எங்க அத்தானுக்கும்..."

"அத்தான விடும் ஓய்!" என்றார் சுயம்பு. "பூந்திக்குத்தானே வந்தீரு? அதச் சொல்லும். பூந்தி வேணுமா, வேண்டாமா?"

தாணுமாலயன் குழம்பினார். நோயாளியிடம் மெதுவாகப் பேசுவதா, பூந்தியைக் கேட்பதா என்று அவர் ஒரு கணம் தடுமாறியது முகத்தில் தெரிந்தது. பூந்தி வென்றது.

"வேணும். ஆனா எனக்குப் பொடிஞ்ச பூந்தி வேண்டாம். கடைசிப் பந்தின்னா பொடியத்தான் அள்ளி வைப்பீரு, எனக்குத் தெரியும்."

"பொடிஞ்சதா? எம் பந்தியிலயா? எவன் சொன்னான்? ஏலே மகேஷு, பூந்தித் தட்ட இங்க கொண்டு வா. இவரு கண்ணால பாக்கட்டும். பொடி ஒண்ணு இருந்துதுன்னா காட்டும் ஓய், காட்டும்!"

சொல்லும்போதே சுயம்பு எழுந்து நின்றுவிட்டார். நின்றது அவருக்கே தெரியவில்லை. கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. பூந்தித் தட்டோடு வந்த மகேஷ்குமார் சித்தியைப் பார்த்தான். வெளியே ஆட்டோ நின்றிருந்தது.

முத்துக்கனி கணவனைப் பார்த்தாள். துண்டு ஒரு பக்கம் நழுவிக் கிடக்க, கையை நீட்டி, மாப்பிள்ளையின் தாய்மாமனோடு சரிக்குச் சரி நின்றுகொண்டிருந்தார். எதிரே தாணுமாலயனும் குரலை உயர்த்திவிட்டார். இரண்டு பேருமே நன்றாக இருந்தார்கள்.

அவள் மகேஷ்குமாரின் கையிலிருந்து பூந்தித் தட்டை வாங்கித் தாணுமாலயனின் கையில் கொடுத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துக் கணவனின் முழங்காலுக்குப் பின்னால் முட்டக் கொடுத்தாள்.

"உக்காந்துக்கிட்டு சண்ட போடுங்க" என்றாள்.